மேனேஜருக்கு மாத்திரை கொடுக்கும் முறை

கூடத்தில் கணவர் பெட்டிக்குள் மல்லாந்து படுத்திருக்க, மனைவி உள்ளறைக் கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தாள். இருவரில் கணவர்தான் வசதியாக இருந்தார்.

"மேனேஜர் சார், வாயைத் திறங்க" என்றாள் அவள், விரல் நுனியில் வெண்ணெய் தடவிய மாத்திரையை நீட்டி. "ஒரே நொடிதான். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சூட்கேஸுக்குப் பின்னால் இரண்டு பச்சைக் கண்கள் அவளைப் பார்த்தன. விடுப்புக் கேட்டு வந்தவரைப் பார்க்கிற பார்வை.

மேனேஜர் ஒரு பூனை. உடம்பு கறுப்பு, நெஞ்சு மட்டும் சலவைச் சட்டை போல வெள்ளை. உயரமான இடத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் எழுந்து வரும். அதனால் அவள் கணவர் வைத்த பெயர் அது. அவர் முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். நிறைய மேனேஜர்களைப் பார்த்திருக்கிறார்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற டீச்சர். ஊரில் பாதிப் பேர் அவளிடம் வண்டி ஓட்டக் கற்றவர்கள். மீதிப் பேர் அவள் வண்டியைக் கண்டால் ஓரமாக ஒதுங்கக் கற்றவர்கள். ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்து அழுதவர்களையும், பிரேக் என்று நினைத்து வேறெதையோ மிதித்தவர்களையும் அவள் கரை சேர்த்திருக்கிறாள். அவள் கைக்கு அடங்காத எதுவும் இதுவரை இந்த உலகத்தில் இருந்ததில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்தது.

வெண்ணெய் உருகி மணிக்கட்டு வரை வழிந்தது.

"அம்மா" என்று வாசலில் மகளின் குரல். காலை ரயிலில்தான் வந்திருந்தாள். "ஹால்ல எல்லாரும் உன்னைக் கேக்கறாங்க."

"என்ன சொன்னே?"

"நீ எழுந்திருக்க முடியாம படுத்திருக்கேன்னு சொன்னேன்."

"சரிதான். காலைப் பிடிச்சு இழு."

மகள் இழுத்தாள். டீச்சர் தூசியும் வெண்ணெயுமாக வெளியே வந்தாள். மகளின் கையில் நீளமாக மூன்று கீறல்கள் இருந்தன. வந்ததும் அவள் போனில் வீடியோ பார்த்து, பூனையைத் துண்டில் சுருட்டி மாத்திரை கொடுக்கப் பார்த்திருந்தாள். வீடியோவில் இருந்த பூனை படித்த பூனை.

விஷயம் இதுதான். மேனேஜருக்கு வலிப்பு நோய். நான்கு வருடமாக, காலையும் மாலையும் ஒரு மாத்திரை. 'இந்த மருந்தை ஒரு வேளைகூட விடக்கூடாது, திடீர்னு நின்னா வலிப்பு முன்னைவிட மோசமா வரும்' என்று பூனை டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தாள். கணவர் விட்டதில்லை. நேற்று மதியம் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலுக்குச் செருப்பு மாட்டி, மறுகாலுக்கு மாட்டுவதற்குள் போய்விட்டார். பக்கத்தில் இருந்த அவர் தம்பி, அண்ணன் எப்போது கண்ணைத் திறந்து சிரிக்கப் போகிறார் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். அண்ணன் அப்படிப்பட்ட ஆள்தான். இந்த ஒருமுறை விளையாடவில்லை.

அந்தக் களேபரத்தில் நேற்று மாலை மாத்திரை போகவில்லை. இன்று காலையும் போகவில்லை. அவர் எப்படிக் கொடுத்தார் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. டீச்சர் விடிந்ததும் வகுப்புக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவாள். வந்ததும் கேட்பாள், "மாத்திரை குடுத்தாச்சா?" அவர் பேப்பரிலிருந்து தலை நிமிராமல் சொல்வார், "லிஃப்ட்ல குடுத்தாச்சு."

"ஆமா, மொட்டை மாடியில ஹெலிகாப்டர்ல கூடக் குடுப்பீங்க."

"ஹெலிகாப்டர் மேனேஜருக்கு ஒத்துக்காது டீச்சர். தலை சுத்தும்."

இப்படியே நான்கு வருடம்.

மூன்றாம் மாடித் தையல்காரர் உள்ளறைக் கதவைத் தட்டினார். கணவரின் சீட்டாட்டக் கூட்டாளி. கையில் பால் கிண்ணம்.

"டீச்சரம்மா, மாத்திரை விஷயம் கேள்விப்பட்டேன். அவர் எங்கிட்ட சொல்லியிருக்கார். பொடிச்சுப் பாலில கலக்கணுமாம். வெச்சிட்டு முதுகைக் காட்டி நிக்கணுமாம். யாராவது பாத்தா மேனேஜர் குடிக்க மாட்டாராம். கூச்சமாம்."

டீச்சர் யோசித்தாள். நம்பும்படி இருந்தது. ஒரு மாத்திரையைப் பொடித்துக் கலந்து கட்டிலோரம் வைத்தார்கள். மூன்று பேரும் சுவரைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். துக்கத்துக்கு வந்த யாரோ ஒருவர் எட்டிப்பார்த்தார். மூன்று முதுகுகளைக் கண்டார். இந்தக் குடும்பம் இப்படி உடைந்துபோய்விட்டதே என்று கண்ணைத் துடைத்தபடி திரும்பிப் போய், கூடத்தில் எல்லோரிடமும் சொன்னார். கூடத்தில் அழுகை ஒரு சுற்று கூடியது.

மேனேஜர் வெளியே வந்தது. பாலை மோந்தது. சுவரைப் பார்த்து நிற்கும் மூவரையும் மோந்தது. கட்டிலுக்கு அடியில் திரும்பிப் போய்விட்டது.

அடுத்து கணவரின் தம்பி வந்தார். ரேஷன் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டிருந்தார், துக்கத்திலும்.

"அண்ணி, அண்ணன் எங்கிட்ட வேற மாதிரி சொன்னார். சொல்றதுக்குக் கூச்சமா இருக்கு."

"சொல்லுங்க, பரவாயில்ல."

"சல்யூட் அடிக்கணும். அடிச்சிட்டு, 'சார், ஒரு கையெழுத்து'ன்னு மாத்திரையை நீட்டணும். உடனே மேனேஜர் வாயைத் திறப்பாராம்."

யாரும் சிரிக்கவில்லை. தம்பி கட்டில் முன்னால் விறைப்பாக நின்றார். சல்யூட் அடித்தார். அவ்வளவு பெரிய உடம்பைக் குனியவைத்து, "சார், ஒரு கையெழுத்து" என்றார். நேற்றிலிருந்து அழாதவர், அந்தக் குனிந்த நிலையில் அழுதார்.

அப்போதுதான் அது ஆரம்பித்தது. சூட்கேஸ் ஓரத்தில் மேனேஜரின் மீசை ஒரு பக்கமாகத் துடித்தது. வாயோரம் எச்சில் நூலாக இறங்கியது. பிறகு யாரோ தள்ளிவிட்டது போலப் பக்கவாட்டில் சரிந்து, நான்கு கால்களாலும் காற்றில் ஓடத் தொடங்கியது.

"எல்லாரும் பின்னாடி போங்க" என்றாள் டீச்சர். குரல் உயரவில்லை. எதிரே லாரி வரும்போது அவள் பேசுகிற குரல் அது. "திரையை மூடு. லைட்டை அணை. ஹால்ல சத்தம் போடாதீங்கன்னு சொல்லு."

மகள் ஓடினாள். டீச்சர் சூட்கேஸைக் காலால் அப்பால் தள்ளினாள். கட்டில் கால் இடிக்காமல் நடுவில் தலையணையைச் செருகினாள். அதற்கு மேல் பூனையைத் தொடவில்லை.

தம்பி சமையலறையிலிருந்து மூச்சு வாங்க வந்தார். "அண்ணி, ஸ்பூன். நாக்கை முழுங்கிடும்."

"முழுங்காது. வாய்ப் பக்கம் போனா உங்க விரலைத்தான் முழுங்கும். ஸ்பூனை வெச்சிட்டு உக்காருங்க."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கால்களின் ஓட்டம் வேகம் குறைந்தது. தடுமாறியது. நின்றது. மேனேஜர் நீளமாக ஒரு மூச்சு விட்டது. கூடத்திலும் அழுகை நின்றிருந்தது. இறந்தவர் வீட்டில் இப்படி ஒரு அமைதியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். டாக்டரம்மா வெளியூரில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஊரில் இருந்த இன்னொரு கிளினிக்கும் பூட்டு.

"நின்னுடுச்சா? நல்லது. நீங்க செஞ்சதெல்லாம் சரி" என்றாள் டாக்டரம்மா. "ஆனா மருந்து உள்ள போகலைன்னா அடுத்தது வரும் டீச்சர். அது இப்படித் தானா நிக்கும்னு சொல்ல முடியாது. நான் வந்து சேர சாயங்காலம் ஆகிடும், அதுவரைக்கும் விடாதீங்க. இப்ப உடனே குடுக்காதீங்க. நல்லா தெளியட்டும், நடக்கட்டும். முழுங்க வரணும். அப்புறம் ஒரே ஒரு மாத்திரை. விட்டதையும் சேர்த்துக் குடுத்துடாதீங்க."

"எப்படிக் குடுக்கறது? அவர் உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருக்காரா?"

"மீன் துண்டுக்குள்ள ஒளிச்சு வெச்சுத் தரேன்னார்."

"மீனைப் போட்டும் பாத்தாச்சு. மீனைத் தின்னுட்டு மாத்திரையைத் துப்பி என் முன்னாடி வெச்சுது."

"அப்படியா? முதல்ல வேற ஒண்ணு சொன்னார். லிஃப்ட்ல குடுக்கறேன்னார். நான் சிரிச்சிட்டேன். உடனே மாத்தி, மீன்லதான்னார்."

டீச்சர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் தையல்காரரைப் பார்த்தாள்.

"உங்ககிட்ட முதல்ல என்ன சொன்னார்?"

"எதை?"

"பாலுக்கு முன்னாடி."

தையல்காரர் தலையைச் சொறிந்தார். "அதுவா, லிஃப்ட்ல குடுக்கறேன்னார். அட போய்யான்னேன். அப்புறம்தான் பால்."

"உங்ககிட்ட?"

"லிஃப்ட்னுதான் ஆரம்பிச்சார் அண்ணி" என்றார் தம்பி. "மேல போகும்போது மேனேஜர் கம்முனு இருப்பாராம். கீழ இறங்க ஆரம்பிச்சா, பதவியை விட்டு இறக்கறாங்கன்னு வாயைத் திறந்து கத்துவாராம். அப்ப போட்டுடணுமாம். போட்டதும் சும்மா ஒரு தடவை மேல போயிட்டு வரணும், அதுதான் மேனேஜருக்குச் சம்பளம்னார். நான் ஆபீஸ்ல எவ்வளவு பொய் கேட்டவன்! வேற யார்கிட்டயாவது சொல்லுங்கன்னேன். அதுக்கப்புறம்தான் சல்யூட்டுக்கு வந்தார்."

டீச்சர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

அவர் சொன்ன கதைகளுக்குக் கணக்கு கிடையாது. இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டில் அடித்துக்கொண்டிருந்த ஓர் ஆணும் பெண்ணும், அவர் கதவைத் திறப்பதற்குள் கல்யாணத் தேதி குறித்துவிட்டார்கள் என்பார். லிஃப்ட் மோட்டார் மேல் குருவி முட்டையிட்டதால் ஒரு கட்டடமே குஞ்சு பறக்கும்வரை படியேறியது என்பார். ஆனால் அவருக்கும் ஒரு தொழில் கௌரவம் இருந்தது. சொன்ன பொய்யையே மறுபடி சொல்பவன் சோம்பேறி என்பது அவர் கட்சி. ஆளுக்கு ஒன்று, ஒருவருக்கு ஒருமுறை.

"நாலு வருஷமா எங்கிட்ட ஒரே பதிலைத்தான் சொன்னார்" என்றாள் டீச்சர்.

போனில் டாக்டரம்மா மட்டும், "ஹலோ? ஹலோ?" என்றாள்.

மேனேஜர் தெளிய நேரம் பிடித்தது. எழுந்து, சுவரில் முட்டி, வட்டமாகச் சுற்றியது. பிறகு தன் வீடு எது என்று நினைவு வந்தது போல நேராக நடந்து, தண்ணீர் குடித்து, ஒரு காலைத் தூக்கி நக்கிக்கொண்டது. டீச்சர் ஆணியில் தொங்கிய கணவரின் கித்தான் பையை எடுத்து வாயை விரித்துத் தரையில் வைத்தாள். ஸ்பேனர் எல்லாம் இருந்த காலத்துப் பை. மேனேஜர் தானாக நடந்து வந்து அதற்குள் ஏறி உட்கார்ந்தது.

"அடப்பாவி" என்றாள் மகள்.

அதற்குள் சவ வண்டிக்காரர்கள் மேலே வந்திருந்தார்கள். நான்கு பேரும் ஒரு மேஸ்திரியும். மேஸ்திரி கையில் அளவு டேப் வைத்துக்கொண்டு தம்பியை ஓரமாக அழைத்தார். ஆறாவது மாடி வரை படியை அளந்துகொண்டே ஏறியதால், அவர் மூச்சு இன்னும் படியிலேயே இருந்தது.

"சார், படி திருப்பம் குறுகல். பெட்டி படுத்த மாதிரி திரும்பாது. லிஃப்ட்லயும் நீளம் பத்தாது. நிக்க வெச்சுத்தான் எறக்கணும். ஒண்ணும் ஆகாது, கெட்டியாக் கட்டிடுவோம்."

தம்பி முகம் சுருங்கியது. "நிக்க வெச்சா?"

"உள்ள இருக்கறவருக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்" என்றாள் டீச்சர். கித்தான் பை தோளில் தொங்கியது. அதிலிருந்து ஒரு வெள்ளை நெஞ்சு எட்டிப்பார்த்தது. அவள் கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள். வகுப்பில் கேள்வி கேட்கிற தோரணை.

"லிஃப்டோட பின்பக்கச் சுவர்ல ஒரு கதவு இருக்குன்னு, பெட்டி போறதுக்குன்னே வெச்சதுன்னு, அவர் யார் யார்கிட்ட சொல்லியிருக்கார்?"

தையல்காரர் கை தூக்கினார். தம்பி கை தூக்கினார். சீட்டாட்டக்காரர்கள் நான்கைந்து பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தூக்கினார்கள்.

"எங்கிட்ட சின்ன வயசுலயே சொல்லியிருக்கார்" என்றாள் மகள். "நான் பயந்து போய் ஒரு மாசம் படியேறித்தான் ஸ்கூல் விட்டு வந்தேன்."

"எல்லாரும் என்ன சொன்னீங்க?"

"அட போய்யான்னேன்" என்றார் தையல்காரர், மெதுவாக.

டீச்சர் நாற்காலியருகே போனாள். அவருடைய சாவிக்கொத்து நேற்று வைத்த இடத்திலேயே இருந்தது. வீட்டுச் சாவி, அலமாரிச் சாவி, அப்புறம் பூட்டு எதற்கும் சேராத ஒரு குட்டைச் சாவி. நுனி முக்கோணம். எத்தனையோ முறை, இந்தத் தண்டத்தை எதற்குச் சுமக்கிறீர்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள்.

லிஃப்டின் பின்சுவர் முழுத் தகடு. இடுப்புயரத்தில் ஒரு சின்ன முக்கோணத் துளை. ஆணி விழுந்த ஓட்டை என்று கட்டடமே நினைத்திருந்தது. அவள் சாவியை விட்டுத் திருப்பினாள். எண்ணெய் போட்டுப் பழக்கிய பூட்டு, முனகாமல் திறந்தது. தகட்டின் கீழ்ப்பாதி கதவாக விலகியது. பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்து கால் நீட்டுகிற ஆழத்துக்குக் காலி இடம். அங்கே ஒரு குட்டி முக்காலி. முக்காலி மேல் சின்ன மெத்தை. மெத்தை பூராவும் கறுப்பும் வெள்ளையுமாக முடி.

மேஸ்திரி உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். "இந்த மாதிரி எங்கேயோ இருக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். நம்பினதில்ல."

"யாரும் நம்பல" என்றாள் டீச்சர். முக்காலியை எடுத்து மகளிடம் கொடுத்தாள். மகள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பெட்டி படுத்தபடியே உள்ளே போனது. கால் பக்கம் அந்தப் பொந்துக்குள் கச்சிதமாக நுழைந்தது, அளவெடுத்துத் தைத்தது போல. தையல்காரரே தலையாட்டினார். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க மட்டும் இடம் மிஞ்சியது.

"நான் கூடப் போறேன்" என்று தம்பி முன்னால் வந்தார்.

"நீங்க படியில வாங்க. நான் போறேன்."

"அண்ணி, இந்த மாதிரி நேரத்துல..."

"மாத்திரை நேரம்" என்றாள்.

கதவு மூடியது. அவள் கீழ்த்தளப் பொத்தானை அழுத்தவில்லை, உடனே. கைக்குட்டையிலிருந்து மாத்திரையை எடுத்தாள். வெண்ணெயைப் புதிதாகத் தடவியிருந்தாள். பையைப் பெட்டியின் மேல் வைத்தாள். வேறு இடம் இல்லை. மேனேஜர் தலையை வெளியே நீட்டி, பின்சுவரைப் பார்த்தது, பெட்டியைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. ஏதோ ஒன்று வழக்கம் போல இல்லை என்பது அதற்குத் தெரிந்தது. அவள் இடது கையை அதன் தலை மேல் வைத்தாள்.

"கண்ணாடியைப் பாருங்க, சிக்னலைப் போடுங்க" என்றாள். "போகலாம்."

அழுத்தினாள். பழைய லிஃப்ட் ஒரு குலுக்கலோடு கீழே நழுவியது.

மேனேஜரின் காதுகள் பின்னால் சாய்ந்தன. கண்கள் அகன்றன. பிறகு வாய் திறந்தது. ரோஜா நிறத்தில், கடைவாய்ப் பல்வரை தெரிய, அது இவ்வளவு பெரிதாகத் திறக்கும் என்று அவள் நினைத்ததில்லை. பல வருட உழைப்பை ஒரு கணத்தில் பறிகொடுத்த மேலதிகாரியின் ஓலம் அதிலிருந்து கிளம்பியது. அவள் விரல் ஒரு நொடி உள்ளே போய் அடிநாக்கைத் தொட்டு வெளியே வந்தது. ஓலம் பாதியில் நின்றது. தொண்டை ஏறி இறங்கியது. நாக்கு வெளியே வந்து, மூக்கை ஒருமுறை நக்கிவிட்டு உள்ளே போனது.

அவள் வாயைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டாள். மாத்திரை இல்லை.

நான்காம் மாடி. மூன்றாம் மாடி. வெளியே படியில் தம்பியும் மற்றவர்களும் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. அவள் கைக்குட்டையால் விரலைத் துடைத்தாள். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த வெண்ணெயையும் துடைத்தாள். மூடி மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"லிஃப்ட்ல குடுத்தாச்சு" என்றாள்.

கீழ்த்தளத்தில் கதவு திறந்தது. வெயில் அடித்தது. வாசலில் வண்டி பின்கதவைத் திறந்து காத்திருந்தது. முந்திக்கொண்டு படியிறங்கியிருந்த மேஸ்திரியும் ஆட்களும் கையைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றார்கள். படியில் ஓடி வந்த தம்பி சுவரைப் பிடித்து மூச்சு வாங்கினார்.

"போட்டாச்சா அண்ணி?"

"போட்டாச்சு."

மேஸ்திரி பெட்டியைப் பிடிக்கக் கை நீட்டினார். டீச்சர் அந்தக் கையைப் பார்த்தாள். சாலையில் அவள் எத்தனையோ பேரை நிறுத்திய பார்வை அது. கை நின்றது.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லி, ஆறாவது மாடிப் பொத்தானை அழுத்தினாள்.

"அண்ணி?" என்றார் தம்பி. பிறகு அவருக்குச் சம்பளம் நினைவு வந்தது. மேஸ்திரியின் தோளைத் தொட்டுப் பின்னால் இழுத்தார்.

கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் மேலே கிளம்பியது. மேனேஜர் பையிலிருந்து இறங்கி, பெட்டியின் மேல் இரண்டடி நடந்து, நெஞ்சுக்கு நேராக இருக்கும் இடத்தில் கால்களை மடித்து உட்கார்ந்தது. கதவுக்கு மேலே ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்த எண்களை அண்ணாந்து பார்த்தது. அவளும் பார்த்தாள்.